கல் இல்லாத சொல்

செய்தி வந்தபோது நான் தலவாக்கலையில் லிந்துலை பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். தூறிக்கொண்டிருந்தது. எங்கள் வகுப்புக் குழுவில் ஷாலினி ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தாள். பாமசியில் வேலை செய்யும் அந்தப் பிள்ளை எதையும் சிரிக்காமல் சொல்ல மாட்டாள். இதில் சிரிப்பு இல்லை. "டீச்சர், நம்ம முதலாளி அங்கிள் காலையில போயிட்டாங்க. வீட்லயேதான். ஆன்ட்டி பக்கத்துல இருந்தாங்களாம்." போனைக் காதில் வைத்தபடியே வீதியைக் கடந்து, எதிர்ப்பக்கம் நின்ற ஹட்டன் பஸ்ஸில் ஏறினேன்.

ஹட்டன் பஜாரில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்த சோமசுந்தரம் ஐயாவை இதை வாசிப்பவர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தகரமும் ஆணியும் தண்ணீர்க் குழாயும் வாங்கப் போனவர்களுக்கு அவர் சோமு முதலாளி. என் அப்பாவும் தோட்டத்து லயத்து வீட்டுக் கூரைக்குத் தகரம் வாங்க அந்தக் கடை முன்னால் நின்றவர்தான். எனக்கோ அவர் மாணவர். கருமாதிக்குப் போயிருந்தபோது அவருடைய மனைவி ருக்மணி அம்மா, "வகுப்புல அவுரு எப்படி இருந்தாருன்னு எங்க யாருக்கும் தெரியாது. நீங்க எழுதிக் குடுங்க டீச்சர்" என்றார். அதனால் எழுதுகிறேன். நேரில் பேசச் சொல்லியிருந்தால் என்னால் முடிந்திருக்காது.

அவர் ஏன் வகுப்புக்கு வந்தார் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவருக்கு என்ன நோய் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. பித்தப்பையில் கல் இருந்தது, எடுத்தாயிற்று என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். நம் பக்கத்தில் இது புதிதில்லை. பெரிய வருத்தம், தீராத நோய் என்றால் அத்தை மாமா சித்தப்பா எல்லோருக்கும் சொல்வோம், பக்கத்துக் கடைக்காரருக்கும் சொல்வோம், படுத்திருப்பவருக்கு மட்டும் சொல்ல மாட்டோம். அன்பினால்தான் அப்படிச் செய்கிறோம். அந்த அன்புக்குள் ஐயாவுக்கு மூச்சு முட்டியது.

ஆஸ்பத்திரி வாட்டில் டொக்டர்மார் அவருடைய கட்டில் காலடியில் நின்று ஆங்கிலத்தில் பேசிக்கொண்டபோது ஒரு நீளமான சொல்லை அவர் காதில் வாங்கியிருக்கிறார். அவருக்கு ஆங்கிலம் பேச வராது. ஆனால் எத்தனை வகைக் குழாய், எத்தனை வகைத் திருகு என்று ஆங்கிலப் பெயர்களிலேயே வாழ்நாள் முழுவதும் சரக்கு எடுத்தவர். ஒருமுறை கேட்ட பெயர் அவருக்கு மறக்காது. அந்தச் சொல்லை அப்படியே மனதில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். இவை எல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தன.

பஜாரில் ஒரு தையல் கடைக்கு மேலே இருக்கும் அறையில், ஞாயிற்றுக்கிழமைகளில் மருத்துவச் சொற்களைப் பற்றி நான் பாடம் எடுக்கிறேன். பாமசியில் வேலை செய்பவர்களும், தனியார் மருத்துவமனைகளில் உதவிக்கு நிற்பவர்களும் வருவார்கள். பாடம் எளிமையானது. அந்த நீண்ட சொற்களை அப்படியே மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அவற்றுக்குத் தலை, உடல், வால் உண்டு. 'கஸ்ட்ர்' வந்தால் வயிறு, 'நெஃப்ர்' வந்தால் சிறுநீரகம். வாலில் 'ஐட்டிஸ்' என்று இருந்தால் அழற்சி, 'எக்டமி' என்று இருந்தால் வெட்டி எடுப்பது. ஆக, கஸ்ட்ரைட்டிஸ் வயிற்றின் அழற்சி, நெஃப்ரெக்டமி சிறுநீரகத்தை அகற்றுவது. பாதிக்கு மேல் கிரேக்கம், மீதி லத்தீன். தமிழில் உயர்தரம் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில விரிவுரைக்குள் போய் விழுந்தபோது, யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டு நானாகப் பிரித்துப் பிரித்துப் படித்த முறை இது.

முதல் வகுப்பிலேயே அவர் முன் வரிசை வாங்கில் வந்து அமர்ந்தார். கம்பளித் தொப்பி, கழுத்தில் மப்ளர், கண்ணின் வெள்ளையில் லேசான மஞ்சள். நான் வழக்கம்போலக் கரும்பலகையைப் பார்த்தபடி பேசிக்கொண்டிருந்தேன். என் முதுகுக்குப் பின்னாலிருந்து அவர் குரல் வந்தது: "டீச்சர், பலகைக்கு நல்லா வெளங்கிருச்சு. இனி எங்களுக்கும் ஒருக்கா சொன்னீங்கன்னா நல்லது." வகுப்பே சிரித்தது. எனக்கு முகம் சுட்டது. திரும்பினேன். ஒரு வகுப்பை முழுதாக முகத்துக்கு நேரே பார்த்துப் பேசியது எனக்கு அதுவே முதல் தடவை. "சரிங்க முதலாளி" என்று வாய் தவறி வந்துவிட்டது. "முதலாளி கடையில இருக்காரு. இங்க வந்திருக்கிறது சோமசுந்தரம்" என்றார். அன்றிலிருந்து ஐயா என்று கூப்பிட்டேன்.

இரண்டு வேர்ச்சொற்கள் சேரும்போது நடுவில் ஓர் 'ஓ' வரும். கார்டி என்றால் இதயம், லொஜி என்றால் இயல். இரண்டையும் கார்டியோலொஜி என்று இணைப்பது அந்த 'ஓ'. அதற்குத் தனியாக அர்த்தம் கிடையாது, நாக்குக்கு வசதி அவ்வளவுதான். இதைச் சொன்ன மறுவாரம் ஐயா ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். உள்ளே கடையிலிருந்து பொறுக்கிய குழாய்த் துண்டுகள், வளைவுகள், முடிவில் பூட்டும் மூடிகள், நடுவே பளபளவென்று ஒரே ஒரு பித்தளைச் சொக்கட். இரண்டு குழாயை இணைக்கும் அந்தச் சின்ன உருளையைத் தூக்கிக் காட்டி, "இதுதான் டீச்சர் ஒங்க ஓ. இதுக்குள்ள தண்ணி நிக்காது. ஆனா இது இல்லாட்டி ரெண்டும் சேராது" என்றார். அன்றைய சொற்களை எல்லோரும் மேசையில் இரும்பாலேயே கட்டினார்கள். ஷாலினி ஒரு வளைவைப் பிடித்துக்கொண்டு, "அங்கிள், இது வயிறா கொடலா?" என்று கேட்க, "நீ காலையில சாப்பிட்டதப் பொறுத்து இருக்கும்மா" என்றார்.

'அனீமியா' படித்த நாளும் நினைவிருக்கிறது. 'அன்' என்றால் இல்லை, 'ஈமியா' இரத்தத்தின் நிலை. ஐயா கையைத் தூக்கினார். "அப்ப ரத்தமே இல்லன்னா எழுதி வச்சிருக்காங்க? கொழுந்து பறிக்கிற பொம்பளைங்க பாதிப் பேரு கிளினிக் கார்டுல இது இருக்கே. ரத்தமே இல்லாம எப்படி டீச்சர் மலை ஏறுறாங்க?" என் அம்மாவின் கார்டிலும் அது இருக்கிறது. நான் யோசித்துவிட்டுச் சொன்னேன்: இரத்தம் குறைவு என்பதைத்தான் பெயர் வைத்தவர் இல்லை என்று வைத்துவிட்டார். இந்தச் சொற்கள் எங்கே, என்ன என்று சொல்லும். எவ்வளவு என்று பெரும்பாலும் சொல்லாது. "பேரு வச்சவனுக்கு நிறுத்துப் பாக்கத் தெரியல" என்று ஐயா முடிவு கட்டினார். என் பதிலின் இரண்டாம் பாதியை அவர் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

நோய் இன்னதென்று கண்டறிவதைக் குறிக்கும் 'டயக்னோசிஸ்' என்ற சொல்லில் உள்ள 'க்னோசிஸ்' அறிதல் என்று பொருள்படும், அதுவும் நம் 'ஞானம்' என்ற சொல்லும் வெகுதூரத்து உறவு என்று படித்திருக்கிறேன் என்று ஒருநாள் சொன்னேன். அவருக்கு அது மிகவும் பிடித்துப்போனது. "ஞானத்தையா அந்தக் கிளினிக் கார்டுல எழுதி மடிச்சுக் குடுக்கிறாங்க? எங்க வீட்டுல அத அலுமாரியில வச்சுப் பூட்டிட்டாங்களே!" எல்லோரும் சிரித்தோம். பிறகு அதே சிரிப்போடு இன்னொன்றும் சொன்னார். "என் சம்சாரம் கொஞ்ச நாளா என்னோட சண்டையே போடுறதில்ல டீச்சர். தேத்தண்ணியில சீனி கூடுதலாக் கேட்டா கேட்ட மாதிரியே போட்டுத் தாறா. முப்பது வருசமா என்னைய ஒரு கரண்டிக்கு மேல போட விடாத பொம்பள. நான் உள்ள வந்தா மகன் டிவிய நிப்பாட்டிட்டு 'அப்பா, என்னா வேணும்'ங்கிறான். எல்லாரும் நல்லவங்களாயிட்டாங்க. எனக்கு வந்த வருத்தத்துல மொத அறிகுறி அதுதான்." இந்த முறை ஷாலினி மட்டும் சிரித்தாள், பாதியில் நிறுத்திவிட்டாள்.

அடுத்து வந்தது கல். 'லித்' என்றால் கல். பித்தக்கல்லுக்கு உரிய நீண்ட சொல்லில் அது நடுவில் உட்கார்ந்திருக்கும், சிறுநீரகக் கல்லுக்கும் அப்படியே. ஐயா அன்று பகடி எதுவும் விடவில்லை. "கல்லுன்னா கட்டாயம் லித் வருமா டீச்சர்?" என்று கேட்டார். இந்த மாதிரி நீளமான சொற்களில் பொதுவாக வரும் என்றேன். "வராம இருக்குமா?" என்றார். "வராட்டி அது கல்லப் பத்திப் பேசலன்னு அர்த்தங்க." அவர் தலையை ஆட்டிக்கொண்டு டின்னுக்குள் எதையோ தேடினார். டின்னைக் குலுக்கிக் குலுக்கித் தேடினாரே தவிர எதையும் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அவருடைய கேள்விகள் பாடத்துக்குச் சம்பந்தமில்லாமல் வரத் தொடங்கின. சர்க்கரையைப் பற்றிப் பேசும்போது, "கொலஸ்ட்ரோல்ல முன்னால வர்ற கோலுக்கு ஏதாவது அர்த்தம் இருக்கா?" என்பார். இருக்கிறது, பித்தம். முதன்முதலில் அதைப் பித்தக்கற்களிலிருந்துதான் பிரித்து எடுத்தார்களாம், அதனால் அந்தப் பெயர். அந்தத் தகவல் எனக்கே ஆச்சரியமானது என்பதால் சந்தோஷமாக விளக்கினேன். மூட்டுகளைப் பற்றிப் பேசும்போது, "ஆஞ்ஜியோன்னா?" என்பார். குழாய், நாளம். "அதுதானே நம்ம வியாபாரம்" என்று மப்ளரை இறுக்கிக்கொண்டார். கேள்விகளை ஒரே நாளில் அடுக்கி அவர் கேட்டதே இல்லை. ஒரு பெரிய சாமானின் உதிரிகளை வெவ்வேறு கடைகளில் விலை விசாரிப்பவர்போல, ஒவ்வொன்றையும் வேறு வேறு ஞாயிறில் கேட்டார்.

ஒரு சனிக்கிழமை ருக்மணி அம்மா எனக்குப் போன் செய்தார். அதற்கு முன் நாங்கள் பேசியதில்லை. "டீச்சர், நான் ஹார்ட்வெயார் கடை வீட்டம்மா பேசுறேன். அவுரு ஒங்ககிட்ட ஏதாவது பெரிய வார்த்தைக்கு அர்த்தம் கேட்டா, தெரியாதுன்னு சொல்லிருங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்." என்ன வார்த்தை என்று கேட்டேன். "அத என் வாயால சொல்ல மாட்டேன் புள்ள" என்று அழுதார். அந்த அழுகையோடு ஐயாவின் கேள்விகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தேன். பித்தம், குழாய், கல் இல்லை, கண்ணில் மஞ்சள். மீதித் துண்டும் எனக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த நாள் பாடமே அதுதான்: 'ஓமா' என்று முடியும் சொற்கள்.

பாடத்தை மாற்றிவிடலாமா என்று அடுப்படியில் நின்று யோசித்தேன். அம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். "அம்மா, ஒங்களுக்கு ஒரு வருத்தம்னு வைங்களேன். நான் ஒங்ககிட்ட மறைச்சா என்னா செய்வீங்க?" என்றேன். அம்மா திரும்பிப் பார்க்காமல், "எனக்கா? ஒன் மூஞ்சியப் பாத்தே கண்டுபுடிச்சிருவேன். பொறவு நான் கண்டுபுடிச்சத ஒன்கிட்ட மறைக்கணும். ரெண்டு பேருக்கும் வேற வேல இல்ல பாரு" என்றார். நான் பாடத்தை மாற்றவில்லை. ஐயா கேட்காமல் நானாக எதையும் சொல்வதில்லை, கேட்டால் பொய் சொல்வதில்லை என்று மட்டும் முடிவு செய்துகொண்டேன்.

'ஓமா' என்றால் கட்டி. எல்லாக் கட்டியும் பொல்லாதது இல்லை. லிப்போமா வெறும் கொழுப்பு, ஹீமட்டோமா அடிபட்ட இடத்தில் கட்டிக்கொண்ட இரத்தம். அதைச் சொன்னதும் வகுப்பில் பலர் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். பிறகு 'கார்சின்' எழுதினேன். கிரேக்கத்தில் நண்டு. கட்டியைச் சுற்றி இரத்த நாளங்கள் புடைத்து நின்றது அந்தக் கால வைத்தியருக்கு நண்டுக் கால்களாகத் தெரிந்திருக்கிறது. ஐயா முகத்தையே நான் பார்க்கவில்லை. அவர்தான் முதலில் பேசினார். "அவன் நண்டப் பாத்திருக்கான். நம்ம ஆளு கறையான் புத்தப் பாத்திருக்கான். புத்துநோய்னு வச்சான். ரெண்டு பேரும் ஒரே சாமானத்தத்தான் பாத்திருக்காங்க, இல்லையா டீச்சர்?" ஆமாம் என்றேன். "என் சம்சாரம் கடக ராசி. அதான் புடிச்சா விட மாட்டேங்கிறா." எல்லோரும் சிரித்தார்கள். அவர் குரலில் பயம் இருக்கிறதா என்று தேடினேன். எனக்குக் கேட்டது ஆர்வம்தான். ஒரு பூட்டுக்கு ஏற்ற சாவி திரும்பும்போது பூட்டுக்காரனுக்கு வரும் ஆர்வம்.

அடுத்த ஞாயிறு நான் போனபோது அவர் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். வேறு யாரும் வரவில்லை. மேசையில் துண்டுகளை வரிசையாகப் பூட்டி வைத்திருந்தார்: ஒரு வளைவு, ஒரு குழாய், பித்தளைச் சொக்கட், மூன்று வாய் உள்ள ஓர் இணைப்பு, கடைசியில் மூடி. ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே உரக்கச் சொன்னார். "கோல், பித்தம். ஆஞ்ஜி, குழாய். ஓ, நம்ம சொக்கட். கார்சின், நண்டு. ஓமா, கட்டி. கொலாஞ்சியோகார்சினோமா. பித்தக் குழாயில புத்து. சரியா டீச்சர்?"

கரும்பலகையின் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. திரும்பவில்லை. "பிரிச்சதும் சரிங்க ஐயா. அர்த்தமும் சரி" என்றேன். "ஆனா அது ஒங்களுக்குத்தானா, எவ்வளவு தூரத்துல இருக்குங்கிறது எனக்குத் தெரியாது. அந்தச் சொல்லுக்கும் தெரியாது. டொக்டர்கிட்டதான் கேக்கணும்."

"எனக்குத்தான்" என்றார். "உள்ள ஒரு பைப் போட்டு விட்டிருக்காங்க. கல்ல எடுத்தவனுக்கு எதுக்குப் பைப்? அடைப்பு இருக்கிறவனுக்குத்தான் பைப். எங்க, என்னான்னு தெரிஞ்சுருச்சு. எவ்வளவுன்னு நீங்க சொன்ன மாதிரி அதுல எழுதியிருக்காது." பிறகு இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி டின்னில் போட்டார். கழற்ற வராத ஒன்றை என்னிடம் நீட்டினார். நான் கழற்றிக் கொடுத்தேன்.

அந்த வாரமே கிளினிக்குக்குத் தனியாகப் போயிருக்கிறார். அங்கே சிங்களத்தில், பஜாரில் பேசுவதுபோல, சொல்லை முழுதாகச் சொல்லி, இது எனக்கு எந்த அளவில் இருக்கிறது, இனி என்ன செய்யலாம், எதைச் செய்யாமல் விடலாம் என்று கேட்டிருக்கிறார். எங்களிடம் வந்து சொன்னபோது அவருக்குப் பெரிதாகப் பட்டது டொக்டர் சொன்ன பதில் இல்லை. "டொக்டர் மாத்தயா ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்துட்டாரு டீச்சர். இவ்வளவு நாளும் நின்னுக்கிட்டே மகன்கிட்டதான் பேசுவாரு. அன்னைக்கு என்னையப் பாத்துப் பேசுனாரு." பதிலையும் சொன்னார். நல்ல பதில் இல்லை. பெரிய ஒப்பரேஷன் செய்யும் கட்டம் தாண்டிவிட்டது, அடைப்பு வந்தால் பைப்பை மாற்றலாம், வலிக்கு மருந்து தரலாம். வீட்டிலேயே இருப்பது என்று அவரே முடிவு செய்திருந்தார்.

வீட்டில் நடந்ததைக் கருமாதி அன்று ருக்மணி அம்மா சொன்னார். கிளினிக்கிலிருந்து வந்தவர் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் அந்தச் சொல்லை முழுதாகச் சொல்லியிருக்கிறார். "என் கையிலிருந்த கரண்டி கீழ விழுந்துருச்சு டீச்சர். யாரு சொன்னான்னு கேட்டேன். 'யாரும் சொல்லல, நானே கழட்டிப் பாத்தேன்'னாரு. எனக்கு வந்துச்சே கோவம். எத்தன மாசம் நான் பாத்ரூமுக்குள்ள போய் அழுதிருப்பேன், இந்த மனுசன் அங்க போய்ப் படிச்சிட்டு வந்திருக்காரு! ரெண்டு பேரும் உக்காந்து நல்லா அழுதோம். அழுது முடிச்சு, 'சரி, ஒரு பிளேன்டீ போடு, சீனி ரெண்டு கரண்டி'ன்னாரு. ஒரு கரண்டிதான்னேன். அவ்வளவுதான், புடிச்சிருச்சு சண்ட." அவர் சொல்லிக்கொண்டே சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கடைசி வாரம் வரைக்கும் போட்டோம் டீச்சர். சீனிக்கு, ஜன்னலத் தொறக்கிறதுக்கு, அவரு தங்கச்சியக் கூப்பிடுறதுக்கு. குரல் போனப்புறம் கையாலயே சண்ட போட்டாரு."

படத்துக்கு முன்னால் ஒரு கோப்பையில் பிளேன்டீ வைத்திருந்தது. எத்தனை கரண்டி என்று நான் கேட்கவில்லை. ருக்மணி அம்மாவே, "ஒண்ணுதான். இப்ப விட்டுக் குடுத்தா அவுருக்குச் சந்தேகம் வந்துரும்" என்றார்.

புறப்படும்போது பிஸ்கட் டின்னை என் கையில் கொடுத்தார். "இது ஒங்ககிட்டதான் இருக்கணும்னாரு." பஸ்ஸில் மடியில் வைத்துத் திறந்து பார்த்தேன். வளைவுகள், குழாய்கள், மூடிகள் எல்லாம் இருந்தன. பித்தளைச் சொக்கட் மட்டும் இல்லை. அன்று படத்தின் காலடியில், தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் எதுவோ மின்னியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

புதிய வகுப்பு தொடங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை டின்னைத் திறந்து மேசையில் துண்டுகளை வரிசையாக வைக்கிறேன், பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே பேசுகிறேன். இரண்டு வேர்கள் சேரும் இடத்தில் இடைவெளி விட்டுவிடுகிறேன். கடையில் புதிதாக ஒன்று வாங்கலாம், வாங்கவில்லை. ஒரு சொல்லில் என்ன இருக்கிறது என்று பார்க்க எனக்கு முன்பே தெரியும். அதில் என்ன இல்லை என்று தேடுவதை நான் சோமசுந்தரம் ஐயாவிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அதை வைத்திருப்பேன். போன வாரம் புதிதாக வந்த ஒரு பெண், என்னைப்போலவே தலையைத் தூக்காமல் பேசுகிறவள், அந்த இடைவெளியில் விரலை வைத்து மெதுவாகக் கேட்டாள்: "டீச்சர், இந்த எடத்துல என்னா இல்ல?"

அவளுக்கு அவரைப் பற்றிச் சொன்னேன்.